மல்லிகைச் செடி மக்கர் பண்ணினால்: மஞ்சள் இலையிலிருந்து மொட்டுப் பக்குவம் வரை

திருப்பரங்குன்றம், திருமங்கலம், செல்லம்பட்டி, உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் மல்லிகைத் தோட்டம் கண்ணில் படும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அதனால் மதுரையில் வீடு கட்டுகிற எல்லோரும் கொல்லையில் நாலு மல்லிச் செடி ஊன்றிவிடுகிறார்கள். மண்ணும் வெயிலும் தோதாக இருப்பதால் செடி பிழைத்துக்கொள்ளும். ஆறு மாதம் கழித்துத்தான் ஒவ்வொன்றாகப் புகார் வரும்.

உரக்கடையில் போய் "மல்லி இலை மஞ்சளா இருக்கு, மருந்து குடுங்க" என்றால், கைக்கு எட்டுகிற புட்டி ஒன்று உங்கள் பைக்கு வந்துவிடும். மஞ்சளானது கொழுந்தா, அடி இலையா என்று கேட்டுவிட்டு மருந்து எடுக்கிற கடைக்காரர் அபூர்வம். அந்தக் கேள்வியை நீங்களே செடியிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. பாதித் தடவை கடைக்கே போக வேண்டியிருக்காது.

கீழே சொல்வதெல்லாம் குண்டுமல்லிக்கு. தரையில் வைத்திருந்தால் செடிக்குச் செடி நாலடி இடைவெளி, ஒரு அடி ஆழ அகலத்தில் குழி, குழிக்குப் பத்து கிலோ மக்கிய தொழு உரம், இதுதான் அடிப்படை. ஜூன் முதல் நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் நடலாம். மொட்டை மாடியில் வைப்பவர்கள் இருப்பதில் பெரிய தொட்டியாக எடுங்கள். பெயின்ட் டப்பாவில் மல்லி பூக்கும், ஆனால் எண்ணி எடுக்கிற அளவுக்குத்தான்.

வாங்கியது மல்லிதானா என்றே சந்தேகமாக இருக்கிறது

இலையைப் பாருங்கள். குண்டுமல்லிக்கு ஒரு கணுவில் எதிரெதிராக இரண்டு தனி இலை. ஒரே காம்பில் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன இலை இருந்தால் அது பிச்சி. பிச்சி மொட்டின் வெளிப்புறம் இயல்பாகவே இளஞ்சிவப்பு ஓடியிருக்கும், அதை நோய் என்று நினைத்து மருந்தடிக்க வேண்டாம். பூ பல அடுக்காக, ரோஜா மொக்கு அளவுக்குத் தடித்து வந்தால் அடுக்குமல்லி. எதுவும் மோசமான செடி இல்லை, ஆனால் கவாத்துக் காலம், அதாவது கிளையை வெட்டிவிடுகிற காலம், இனத்துக்கு இனம் மாறும். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் வெட்டுவார்கள், முல்லையை ஜனவரியில்.

தோட்டக்காரர்கள் பெரும்பாலும் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வருகிற வேர்விட்ட குச்சிகளைத்தான் வாங்குகிறார்கள். அங்கே மணலில் வேர் விடுவதால் வேர் முறியாமல் பிடுங்க வருகிறது. நர்சரியில் கேட்டு வாங்குங்கள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கொழுந்து மஞ்சளாக இருக்கிறது, ஆனால் இலை நரம்பு மட்டும் பச்சையாகவே நிற்கிறது என்றால் இரும்புச் சத்துக் குறை. மதுரைப் பக்கம் அதிகம் பார்ப்பது இதைத்தான். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு கலந்த மண்ணிலும், பாத்திரத்தில் வெள்ளை படிகிற போர் தண்ணீரிலும் அந்த இரும்பை வேரால் எடுக்க முடிவதில்லை. வீடு கட்டியபோது கொட்டிய சிமென்ட் கழிவு மேலேயே செடி வைத்தவர்களுக்கு இது கட்டாயம் வரும். அதற்கு அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்). லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, ஒரு எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துவிட்டு, சாயங்காலம் இலையின் இரு பக்கமும் நனைகிற மாதிரி தெளியுங்கள். எலுமிச்சை எதற்கென்றால், அது இல்லாவிட்டால் கரைசல் கொஞ்ச நேரத்தில் துரு நிறத்துக்கு மாறி, செடிக்குப் பயன்படாமல் போகும். புதுசாகக் கரைத்து அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். டைல்ஸ் தரையில் சொட்டினால் கறை போகாது, வீட்டில் திட்டு விழும். ஏற்கெனவே வெளுத்த இலை முழுப் பச்சைக்குத் திரும்பாவிட்டாலும் கவலைப்படாதீர்கள். அடுத்து வருகிற கொழுந்து என்ன நிறம் என்றுதான் பார்க்க வேண்டும். மாதம் ஒரு தடவை தெளித்தால் போதும்.

அடி இலை மட்டும் மஞ்சளாகி உதிர்கிறது, நுனி நன்றாக இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. பழைய இலை வயதாகி விழுகிறது, அல்லது தழைச்சத்துக் குறைகிறது. செடி சோர்ந்து வளர்ச்சியும் நின்றிருந்தால் இரண்டாவது. தொழு உரமும் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரும் கொடுத்தால் எழுந்துவிடும்.

மேலும் கீழும் ஒரே மாதிரி வெளுத்திருக்கிறது, தொட்டால் மண் எப்போதும் சொதசொதவென்று இருக்கிறது என்றால் வேர் மூச்சுத் திணறுகிறது. கள்ளிக்குடி, திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழைக்குப் பிறகு இது வரும். தண்ணீரை நிறுத்துங்கள், செடியைச் சுற்றி வடிகால் கீறிவிடுங்கள். அன்னபேதி இங்கே உதவாது.

இது எதுவும் இல்லை, என்ன கொடுத்தாலும் செடி குட்டையாகவே வெளிறி நிற்கிறது என்றால் ஓரமாகத் தோண்டி ஒரு வேரை எடுத்துக் கழுவிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருந்தால் நூற்புழு. வேப்பம் புண்ணாக்கைத் தூரைச் சுற்றிக் கொத்திவிட்டு, இடையில் செண்டுமல்லி நட்டுவைக்கலாம். புழு குறையும், ஒழியாது. ரொம்ப முற்றியிருந்தால் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு இடத்தில் வேறு செடி வைப்பதுதான் புத்திசாலித்தனம். அதே குழியில் அடுத்த மல்லியை வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

செடி தளதளவென்று இருக்கிறது, மொட்டு மட்டும் இல்லை

முதலில் மாதத்தைப் பாருங்கள். மார்கழி, தை குளிரில் மல்லிகை கிட்டத்தட்ட ஓய்வில் இருக்கும். பொங்கல் சமயத்தில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்பதற்கு அதுதான் காரணம். எல்லோர் தோட்டத்திலும் பூ இல்லை, உங்கள் தொட்டியில் மட்டும் எப்படி இருக்கும்? மாசி கடைசியில் அரும்பு தலைகாட்டும். பங்குனி, சித்திரை, வைகாசி என்று வெயில் ஏற ஏறப் பூவும் ஏறும்.

வெயில் காலத்திலும் பூ இல்லை என்றால் மூன்று இடத்தில் தேடுங்கள்.

வெயில் போதுமா? தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவர் நிழலிலும் வேப்ப மரத்தடியிலும் இலைதான் வரும். இதற்கு உரம் போட்டால் இன்னும் இலைதான் வரும்.

யூரியா அதிகமா? "பச்சுன்னு இருக்கணும்" என்று கைப்பிடி கைப்பிடியாகப் போடுபவர்களுக்கு மொட்டு தள்ளிப்போகும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு செடிக்கு வருடத்துக்கு 60 கிராம் தழைச்சத்து, மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தலா 120 கிராம். அதாவது மற்ற இரண்டில் பாதிதான் தழை. அதையும் ஒரே தடவையில் போடக் கூடாது. கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன், ஜூலையில் பாதி. இது வளர்ந்த செடிக்கான அளவு, போன மாதம் வைத்த கன்றுக்கு இல்லை.

கவாத்து செய்தீர்களா? வீட்டுச் செடியில் பெரிய குறை இதுதான். மல்லிகை புதுக் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய குச்சியெல்லாம் அப்படியே நின்றால் பூ எங்கிருந்து வரும்? நவம்பர் கடைசி வாரம், கொஞ்ச நாள் தண்ணீரைக் குறைத்துவிட்டு, தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் மொத்தச் செடியையும் வெட்டுங்கள். காய்ந்த குச்சி, உள்ளே குறுக்கே ஓடும் குச்சி, அடியில் நோஞ்சானாகக் கிளம்பியது எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். அப்புறம் உரம் வைத்துத் தண்ணீர் கட்டினால் வெட்டிய இடத்துக்குக் கீழே இருக்கிற கணுவிலிருந்தெல்லாம் தளிர் வெடிக்கும். மொட்டையாக நிற்கும் செடியைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் "ஏய்யா, பூச்செடிய இப்படியா வெட்டுவ?" என்பார்கள். பங்குனி வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

நட்ட முதல் வருடம் என்றால் இதெல்லாம் வேண்டாம். ஆறு மாதத்தில் நாலு பூ காட்டும், இரண்டாவது வருடத்திலிருந்துதான் பறிக்கிற அளவுக்கு வரும். இடையில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை கூடும், அவ்வளவுதான்.

மொட்டு செந்நீலமாகி, சுருங்கி, உதிர்கிறது

மருந்து வாங்கும் முன் ஒரு பத்து மொட்டைப் பறித்து உள்ளங்கையில் போட்டு, வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே மாதிரி நிறம் மாறினாலும் உள்ளே இருக்கிற ஆள் வேறு.

மொட்டின் பக்கத்தில் ஊசி குத்தியதைவிடக் கொஞ்சம் பெரிய வட்ட ஓட்டை இருந்து, அதன் வாயில் பொடிப்பொடியாகக் கழிவு ஒட்டியிருந்தால் மொட்டுப்புழு. நகத்தால் கீறினால் உள்ளே கருந்தலையோடு பச்சை நிறப் புழு, இதழின் உட்புறத்தைத் தின்றுகொண்டு இருக்கும். முற்றிய நிலையில் ஒரு கொத்தின் மொட்டுகளை நூலாம்படை போலப் பின்னிச் சேர்த்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஒரு புழு பல மொட்டைக் கெடுக்கும் என்பது இப்படித்தான்.

ஓட்டையே இல்லை, ஆனால் மொட்டின் அடிப்பகுதி வீங்கி, மேலே வளராமல் குட்டையாக நின்று, ஊதா நிறமாகிறது என்றால் மொட்டு ஈ. பிளந்தால் அடியில் கண்ணுக்கு மட்டுக்கு மட்டாகத் தெரிகிற குட்டிப் புழுக்கள் ஒன்றுக்கு மேல் நெளியும். கொசுவைவிடச் சின்ன ஈ வைத்த முட்டையிலிருந்து வந்தவை.

இரண்டுக்கும் ஒரு பொது பலவீனம் உண்டு. தின்று முடித்ததும் கூட்டுப்புழுவாவதற்கு மண்ணுக்கு இறங்கும். அதனால் வீட்டுச் செடிக்கு முதல் வைத்தியம் மருந்து இல்லை, துடைப்பமும் களைக்கொட்டும்தான். நிறம் மாறிய மொட்டைத் தினமும் பறித்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி, எரித்துவிடுங்கள் அல்லது சோப்புத் தண்ணீரில் போடுங்கள். குப்பைக்குழியில் கொட்டினால் அங்கிருந்து திரும்பி வரும். செடியடி மண்ணை அடிக்கடி மேலாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காயும், எறும்பும் குருவியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தூரில் வேப்பம் புண்ணாக்கு போட்டு வைக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் கொட்டைப் பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு வரும்படி சேர்த்து, கொஞ்சம் சோப்புக் கரைத்து, அரும்பு சின்னதாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும். மொட்டு ஊதாவான பிறகு வெளியே அடிக்கிற எதுவும் உள்ளே இருக்கிற புழுவுக்குப் போய்ச் சேராது.

பெரிய தோட்டத்துக்காரர்கள் அடிக்கிற கடும் மருந்துகளைக் கொல்லைச் செடிக்குக் கொண்டுவராதீர்கள் என்பது என் கருத்து. நாம் அந்தப் பூவை மறுநாளே குழந்தை தலையில் வைக்கிறோம், சாமி படத்துக்குப் போட்டு மூக்குக்குப் பக்கத்தில் முகர்கிறோம்.

இலையில் மஞ்சள் புள்ளி, அல்லது வெள்ளைப் பஞ்சு

இரண்டும் சிலந்திப்பேன் வேலை, ஆனால் வேறு வேறு இனம். சித்திரை வெயிலில் இலை மேல் தூசி தூவியது போல மஞ்சள் புள்ளி வந்தால் இலையடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். சிவப்புப் புள்ளிகள் தாளில் நகர்ந்தால் சிவப்புச் சிலந்தி. இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலத்தில் மட்டும். மதிய வெயிலில் கந்தகம் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்த அதே வாரத்தில் கந்தகம் வேண்டாம்.

இலை, இளந்தண்டு, சில சமயம் மொட்டின் மேலேயும் வெல்வெட் மாதிரி வெள்ளை ரோமம் படர்ந்தால் பூஞ்சணம் என்று நினைப்பார்கள். அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பேன் செடியைத் தூண்டிவிட்டு வளர வைக்கிற ரோமம்தான். அந்தக் கிளையை வெட்டி எரித்துவிட்டு அதே கந்தகத்தை அடியுங்கள்.

நேற்று வரை நன்றாக இருந்த செடி தொங்கிவிட்டது

தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லையா? தூர் மண்ணைக் கையால் விலக்குங்கள். தண்டைச் சுற்றி வெள்ளை இழையும், கடுகளவு பழுப்பு உருண்டைகளும் இருந்தால் வேரழுகல். அந்தச் செடி போனதுதான். வேரோடும் மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, பக்கத்துச் செடிகளைக் காப்பாற்றுங்கள்: காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்துத் தூரில் ஊற்றுங்கள். இனிமேல் நடும்போது தொழு உரத்தோடு டிரைக்கோடெர்மா என்கிற நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலந்து போடுங்கள். மக்காத சாணியை வைக்காதீர்கள்.

பறித்த மொட்டு மலரவே இல்லை

இது செடியின் குறை இல்லை, பறித்தவர் அவசரப்பட்டிருக்கிறார். அரும்பாகப் பறித்த மல்லிகை தண்ணீரில் போட்டாலும் துணியில் சுற்றினாலும் விரியாது. அப்படியே வாடிப் பழுத்துவிடும்.

பக்குவத்தை எப்படிப் பார்ப்பது? ஒரு கொத்தை நிதானமாகக் கவனியுங்கள். பெரும்பாலும் மூன்று மொட்டு இருக்கும். நடு மொட்டுதான் மூத்தது, அதுதான் முதலில் தயாராகும். பக்கத்து இரண்டும் பின்னால் வரும். அதனால் கொத்தாகக் கிள்ளுகிறவர்களுக்கு ஒரு பூ கிடைக்கும், இரண்டு அரும்பு வீணாகும்.

தயாரான மொட்டில் பச்சை முழுசாகப் போயிருக்கும். பாலில் துளி பச்சை கலந்த மாதிரி தெரிந்தால் நாளைக்கு. தலை உருண்டு திரண்டிருக்க வேண்டும், ஆனால் நுனி இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். தலைக்குக் கீழே இருக்கிற குழல் நீண்டு, பச்சைப் புல்லிவட்டத்தை விட்டு நன்றாக வெளியே வந்திருக்கும். அரும்பில் அந்தக் குழல் புல்லிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். நிறத்தில் சந்தேகம் வந்தால் குழல் நீளத்தை நம்புங்கள், விடியற்காலை டார்ச் வெளிச்சத்தில் எல்லா மொட்டும் வெள்ளையாகத்தான் தெரியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காம்பைப் பிடித்து லேசாகத் திருப்பினால் பக்குவமானது எதிர்ப்பில்லாமல் வந்துவிடும். இழுக்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். காம்போடு பறித்தால்தான் கட்டும்போது நாரில் நிற்கும்.

பறிக்கப் போவதற்குள் மலர்ந்துவிடுகிறது

காலையில் முழு வெள்ளையாக இருக்கும் மொட்டு அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் விரியும். அடுத்த நாள் காலை வரை விட்டால் செடியடியில் உதிர்ந்து கிடக்கும். ஆக, ஒரு மொட்டுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பகல். சீசனில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பது என்ற கணக்கே மல்லிகைக்குச் சரிப்படாது.

தோட்டங்களில் இருட்டு விலகுவதற்கு முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பறிக்க இறங்குவது மார்க்கெட்டுக்காக. வெயில் ஏறும் முன் பறித்த மொட்டு இறுக்கமாக இருக்கும், மாட்டுத்தாவணிக்கோ நிலக்கோட்டைக்கோ போய், அங்கிருந்து வெளியூருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு விரியும். விரிந்த பூவுக்குச் சரத்தில் மதிப்பில்லை. விலை படுத்துவிட்ட நாட்களில் அது சென்ட் ஆலைக்குப் போகும். வீட்டுக்கு மட்டும்தான் என்றால் நீங்கள் நாலு மணிக்கு எழ வேண்டியதில்லை. சாயங்காலம் நாலு மணி வாக்கில் பறித்து உடனே கட்டினால் ஏழு மணிக்குத் தலையில் மலரும். வெளியூருக்குக் கொடுத்துவிடுவதாக இருந்தால் மட்டும் விடியலில் பறியுங்கள்.

கட்டிவைத்த பூ சீக்கிரம் பழுப்பாகிறது

ஈரம்தான் காரணம். மழையில் நனைந்த மொட்டையும், "வாடாம இருக்கட்டும்" என்று தண்ணீரில் முக்கியதையும் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து, தொட்ட இடமெல்லாம் பழுப்பாகும். மழை நாளில் முதலில் கிளையை லேசாக உலுக்கி நீரை வடியவிடுங்கள். பறித்ததைத் துணியில் பரப்பி ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் ஆறவிட்டு அப்புறம் கட்டுங்கள். விரலால் நசுங்கிய இதழும் அதே போல நிறம் மாறும் என்பதால், குழந்தைகளைப் பறிக்க விடும்போது தலையைப் பிடிக்கக் கூடாது, காம்பைத்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

மறுநாள் விசேஷத்துக்கு வைத்திருக்க வேண்டும் என்றால் மொட்டாகவே வாழையிலையில் சுற்றி, மேலே பிழிந்த ஈரத் துணி ஒன்றைச் சுற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசர் பக்கம் வேண்டாம். குளிரில் மலர்வது தள்ளிப்போகும். வெளியே எடுத்துச் சூடு பட்டதும் விரிய ஆரம்பித்துவிடும். மீன், வெங்காயம் இருக்கிற தட்டில் வைத்தால் கல்யாண வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.